ஒரே கிண்ணத்தில் ஏழு நகைகள்: வீட்டில் நகை கழுவியபோது நடந்தது என்ன?

இந்த ஆய்வில் வரும் ஏழு நகைகளும் ஒரே வீட்டுப் பெட்டியில் இருந்தவை. ஒரே மாலையில், சமையலறையிலும் குளியலறையிலும் கைக்கெட்டிய பொருள்களைக் கொண்டு, ஒரே கிண்ணத்தில் சுத்தம் செய்யப்பட்டவை. அவற்றில் ஒன்று குறையில்லாமல் வந்தது. ஒன்று முக்கால்வாசி நன்றாக வந்தது. இன்னொன்று எந்த அழுக்கைப் போக்கப் போடப்பட்டதோ அந்த அழுக்கோடே வெளியே வந்தது. மற்ற நான்கும் கெட்டன. அந்த நான்கில் இரண்டைச் சரிசெய்ய முடிந்தது, இரண்டை முழுதாக மீட்க முடியவில்லை.

நகைப் பழுது பார்ப்பது என் தொழில். வீட்டில் கழுவிக் கெட்டுப்போன நகைகள் எப்போதும் வந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் ஒரே கரைசலில் இறங்கிய ஏழு நகைகள் ஏழு விதமாக நடந்துகொண்டதை ஒரே மேசையில் வைத்துப் பார்க்கக் கிடைப்பது அபூர்வம். உரிமையாளரின் சம்மதத்தோடு, அவரை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

நகைகள் என்னென்ன

கல் எதுவும் இல்லாத 22 காரட் தங்கச் சங்கிலி ஒன்று. 925 முத்திரை உள்ள வழவழப்பான வெள்ளி வளையல் ஒன்று. வேலைப்பாட்டின் பள்ளங்களில் வேண்டுமென்றே கறுப்பேற்றிய வெள்ளிப் பதக்கம், நடுவில் டர்க்காய்ஸ் என்ற நீலக் கல்லோடு. பட்டு நூலில் ஒவ்வொரு முத்துக்கும் இடையே முடிச்சுப் போட்டுக் கோத்த முத்துமாலை. 18 காரட் வெள்ளைத் தங்கத்தில் வைர மோதிரம். மஞ்சள் தங்கத்தில் மரகத மோதிரம். கடைசியாக, தங்க முலாம் பூசிய, கண்ணாடிக் கல் பதித்த ஒரு ஜோடித் தோடு.

விலையைப் பார்த்தால் தோடுதான் கடைசி. உரிமையாளருக்கு நெருக்கமானது முத்துமாலை, அது அவருடைய அம்மா போட்டிருந்தது.

என்ன செய்தார்

ஒரு விசேஷத்துக்கு முந்தைய நாள் மாலை. முதலில் மங்கலாகத் தெரிந்த நகைகளை, முத்துமாலையும் பதக்கமும் சேர்த்து, தண்ணீர் கலந்த வினிகரில் சுமார் அரை மணி நேரம் ஊறவைத்தார். பிறகு அகலமான கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, சமையல் சோடாவும் உப்பும் போட்டு, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, ஏழு நகைகளையும் அதில் இறக்கினார். நுரை அடங்கிய பிறகும் பளபளக்காதவற்றைப் பற்பசை வைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தார். குழாயில் அலசி, காகிதத் துண்டால் துடைத்து வைத்தார்.

“போன தடவை கறுத்துப்போன வெள்ளி ஸ்பூனை இப்படித்தான் பண்ணேங்க. புதுசு மாதிரி ஆயிடுச்சு. அதனாலதான் எல்லாத்தையும் சேர்த்துப் போட்டேன்,” என்றார்.

ஸ்பூன் விஷயத்தில் அவர் செய்தது முழுக்கச் சரி. அந்த முறை வெள்ளிக்கு வேலை செய்யும், அதற்குத் தெளிவான காரணமும் உண்டு. ஆனால் ஸ்பூன் என்பது ஒரே உலோகம். நகையோ உலோகம், கல், பசை, நூல், முலாம், கல்லுக்கு அடியில் ஒட்டிய தாள், கல்லின் விரிசலுக்குள் ஏற்றிய எண்ணெய் என்று பலவும் சேர்ந்தது. கழுவும் முறையைத் தீர்மானிக்க வேண்டியது அவற்றில் மிகவும் பலவீனமான பாகம். நகைக்கு நாம் வைத்திருக்கும் பெயரை வைத்து முடிவெடுக்கக் கூடாது. வைர மோதிரம் என்கிறோம், வைரம் இந்தக் கழுவலைத் தாங்கும். அதைப் பிடித்திருக்கும் மெல்லிய கொக்கிகளும் அவற்றின் மேல் பூசிய ரோடியம் என்ற வெள்ளை உலோகமும் தாங்குமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

வெள்ளி: வெற்றியும் இழப்பும் ஒரே காரணத்தால்

வெள்ளி கறுப்பது துரு அல்ல. காற்றில் சிறிதளவு இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு போன்ற கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு என்ற மெல்லிய படலத்தை உண்டாக்குகின்றன. முதலில் மஞ்சள், பிறகு பழுப்பு, கடைசியில் கறுப்பு. முட்டை, வெங்காயம், ரப்பர், கம்பளித் துணி எல்லாமே கந்தகம் தருபவை. 925 வெள்ளியில் மீதி 7.5 சதவீதம் பெரும்பாலும் தாமிரம், அதுவும் கறுப்புக்குத் துணை போகும்.

அலுமினியத் தாள் முறை அந்தப் படலத்தைச் சுரண்டி எடுப்பதில்லை, திரும்ப வெள்ளியாக மாற்றுகிறது. சூடான சோடாக் கரைசல் அலுமினியத்தின் மேலுள்ள ஆக்சைடுத் தோலை நீக்குகிறது. பிறகு அலுமினியமும் வெள்ளியும் சேர்ந்து ஒரு சின்ன மின்கலமாக வேலை செய்கின்றன. அலுமினியம் விடும் எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு சல்பைடு வெள்ளியாகிறது, கந்தகம் பிரிந்து போகிறது. அப்போது எழும் அழுகிய முட்டை வாடைதான் அதற்கு அடையாளம். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்ய வேண்டிய வேலை இது. பாலிஷ் போட்டுத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வெள்ளி துணியோடு போய்விடும். இதில் அந்த இழப்பு மிகக் குறைவு. அந்த வகையில் எனக்கு இந்த முறை மேல் மரியாதை உண்டு.

மின்கலம் வேலை செய்ய வெள்ளி அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். வளையல் முக்கால்வாசிதான் நன்றாக வந்ததற்குக் காரணம் அதுதான். கிண்ணத்தில் அது மற்ற நகைகளின் மேல் சாய்ந்து கிடந்திருக்கிறது. தாளில் படிந்த பக்கம் வெளுத்திருந்தது, தூக்கி நின்ற பக்கம் மஞ்சள் பூத்தபடியே இருந்தது. வெளுத்த இடமும் கண்ணாடிபோல் மின்னவில்லை, லேசாகப் பனி படர்ந்த மாதிரி இருந்தது. திரும்பப் படியும் வெள்ளி நுண்துளைகளோடு படிவதால் வரும் தோற்றம் அது. மெருகுத் துணியால் சில தடவை நீவினால் சரியாகிவிடும், ஆகிவிட்டது. அப்படி விட்டுவிட்டால் அந்த இடம் முன்பைவிடச் சீக்கிரம் கறுக்கும்.

பதக்கத்தின் கதை வேறு. அதன் பள்ளங்களில் இருந்த கறுப்பு, செய்தவர் கந்தகச் சேர்மத்தால் வேண்டுமென்றே ஏற்றியது. வேதியியல் கணக்கில் அதுவும் வெள்ளி சல்பைடுதான். எது அழுக்கு, எது அலங்காரம் என்று கரைசலுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் ஒரே மாதிரி எடுத்துவிட்டது. கறுப்பு போனதும் இலைகளும் கொடிகளும் தட்டையாகி, வேலைப்பாடே கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்தது. கறுப்பேற்றிய வெள்ளி எதையும் இந்தக் கரைசலில் போடக் கூடாது, ‘வெள்ளிக்கு’ என்று விற்கும் தோய்க்கும் திரவத்திலும் போடக் கூடாது. மேடான இடங்களை மட்டும் உலர்ந்த மெருகுத் துணியால் துடைத்தால் போதும்.

நடுவிலிருந்த டர்க்காய்ஸின் நிலைமைதான் மோசம். தாமிரமும் அலுமினியமும் கொண்ட, நீர் சேர்ந்த பாஸ்பேட் கனிமம் அது. நுண்துளைகள் நிறைந்தது. வியர்வை, எண்ணெய், வாசனைத் திரவியம் எது பட்டாலும் உள்ளே இழுத்துக்கொள்ளும். இந்தக் கல் வினிகரில் ஊறி, பிறகு கொதிநீரில் சோடாவும் உப்பும் சேர்ந்ததைக் குடித்திருக்கிறது. நீலம் வெளுத்து, ஓரத்தில் திட்டுத்திட்டாகப் பச்சை ஓடியிருந்தது. மேலே இருந்த மெழுகு மெருகு போய்ச் சுண்ணாம்பு பூசிய மாதிரி ஒரு வறட்சி. மறுபடி மெழுகேற்றியதில் மேற்பரப்பு கொஞ்சம் உயிர் பெற்றது. நிறம் பழையபடி வரவில்லை.

முத்து

இந்த ஏழில் எனக்கு மனசு கேட்காமல் போனது முத்துமாலைதான்.

வெறுங்கண்ணுக்கு அது கெட்டுப்போனதாகக்கூடத் தெரியாது. வெண்மையாகத்தான் இருந்தது, சொல்லப்போனால் முன்பைவிட வெண்மையாக. ஆனால் ஜன்னல் பக்கம் வைத்துப் பார்த்தபோது, ஒரு முத்திலும் ஜன்னலின் பிம்பம் தெரியவில்லை. நல்ல முத்தின் மேல் வெளிச்சம் விழுந்தால் விளிம்போடு ஒரு பிம்பம் நிற்கும். இங்கே மூட்டமான ஒரு வெளுப்பு மட்டும்தான் இருந்தது. 10 மடங்கு லென்ஸில் மேற்பரப்பு சொரசொரவென்று அரித்திருப்பது தெரிந்தது. துளை வாயில் படலத்தின் விளிம்பு மெலிந்து சிதைந்திருந்தது. அதோடு எல்லா முத்துகளிலும் ஒரே திசையில் ஓடிய மெல்லிய கீறல்கள். அவை பல்துலக்கி விட்டுப்போனவை.

முத்தின் மேல்படலம் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அரகோனைட் என்ற படிக வடிவில். சுமார் அரை மைக்ரான் தடிமனுள்ள தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, இடையே கான்கியோலின் என்ற புரதம் அவற்றைப் பிடித்திருக்கும். அந்தத் தட்டுகளின் தடிமன் ஒளியின் அலைநீளத்தோடு ஒத்துப்போவதால்தான் முத்துக்கு அந்த உள்ளொளியும் மெல்லிய நிறச் சாயலும். கால்சியம் கார்பனேட்டும் அமிலமும் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு குமிழிட்டு வெளியேறும், கார்பனேட் கரையும். சமையலுக்குப் பயன்படும் வினிகரில் பொதுவாக 4 முதல் 5 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்கும். தண்ணீர் கலந்திருந்தாலும் அரை மணி நேரத்தில் மேலடுக்குத் தட்டுகளைக் குலைக்க அது போதும். கிளியோபாத்ரா முத்தை வினிகரில் கரைத்துக் குடித்ததாகச் சொல்லும் பழைய கதையில் எவ்வளவு உண்மையோ, முத்து அமிலத்தில் கரையும் என்ற அடிப்படை சரிதான்.

அதன்மேல் பற்பசை. பற்பசையில் பல்லை மெருகேற்றத் தேய்ப்புப் பொருள் உண்டு: கால்சியம் கார்பனேட்டோ, நீரேறிய சிலிக்காவோ. எது எதைக் கீறும் என்று காட்டும், 1 முதல் 10 வரையான மோஸ் கடினத்தன்மை அளவில் பல்லின் எனாமல் சுமார் 5. முத்து 2.5 முதல் 4.5 வரை. தூய தங்கமும் வெள்ளியும் 2.5 முதல் 3 வரைதான். பல்லுக்கென்று செய்த பொருளை அதைவிட மென்மையான ஒன்றின் மேல் தேய்த்தால் கீறல் விழாமல் இருக்காது. ‘பற்பசை போட்டால் தங்கம் மின்னும்’ என்று காலங்காலமாகச் சொல்லப்படுவதை நான் ஏற்கவில்லை. மின்னுவது உண்மை. அழுக்கோடு மெருகையும் சேர்த்து எடுத்துவிடுவதால் அந்த நேரத்துக்கு மின்னுகிறது. திரும்பத் திரும்பச் செய்தால் பரப்பு முழுக்க நுண்கீறலாகி நிரந்தரமாக மங்கும்.

நூலும் விடவில்லை. பட்டு நூல் நனைந்தால் நீளும். ஈரத்தோடு தொங்கவிட்டதில் முத்துகளின் எடையே அதை இழுத்திருக்கிறது. முடிச்சுக்கும் முத்துக்கும் நடுவே இடைவெளி விழுந்திருந்தது. அந்த இடைவெளியில் முத்து ஆடும்போது துளையின் விளிம்பு நூலை அறுக்கும்.

கரைந்த படலத்தைத் திரும்ப வளர்க்க யாராலும் முடியாது. லேசாக மெருகேற்றினால் கொஞ்சம் ஒளி வரும், ஆனால் அதுவும் படலத்தைத் தேய்த்துத்தான் வரும். அகோயா என்ற கடல்நீர் வளர்ப்பு முத்துகளில் அந்தப் படலமே பெரும்பாலும் அரை மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும், உள்ளே இருப்பது சிப்பி ஓட்டு மணி. நன்னீர் வளர்ப்பு முத்து என்றால் ஏறக்குறைய முழுதும் படலம், அங்கே கொஞ்சம் துணிந்து பார்க்கலாம். இந்த மாலை அகோயா. மெருகேற்ற வேண்டாம் என்றேன். புது நூலில் முடிச்சுப் போட்டுக் கோத்துக் கொடுத்தோம்.

முத்துக்குத் தேவையானது மிகக் கொஞ்சம். கழற்றியதும் சற்றே ஈரமான மெல்லிய துணியால் ஒரு துடைப்பு. மேக்கப்பும் வாசனைத் திரவியமும் போட்டு முடித்த பிறகு கடைசியாக மாட்டுவது, வந்ததும் முதலில் கழற்றுவது. எண்ணெய்ப் பிசுக்கு அதிகமானால் மிதமான சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து, வெறும் தண்ணீர்த் துணியால் இன்னொரு முறை துடைத்து, தட்டையாகப் பரப்பி உலரவிட வேண்டும். மாலையைத் தண்ணீரில் முக்கவே வேண்டாம்.

வைரம் ஏன் அப்படியே இருந்தது

எல்லாம் செய்தும் வைர மோதிரம் மங்கலாகவே இருந்தது உரிமையாளருக்குப் புரியாத விஷயம். “இது ஒரிஜினல் வைரம்தானா?” என்றுகூடக் கேட்டார். அசல் வைரம்தான். அதன் மேல் இருந்த அழுக்கு வேறு வகை.

வைரம் தண்ணீரை ஒட்டவிடாது, எண்ணெயை விடாது. இந்தக் குணத்தை வைத்தே சுரங்கங்களில் வைரத்தைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லியில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், கொழுப்புப் பூசிய மேசையின் மேல் நொறுக்கிய கல்லைத் தண்ணீரோடு ஓடவிடுவார்கள். மற்றக் கற்கள் நனைந்து வழுக்கிப் போக, வைரம் மட்டும் கொழுப்பில் ஒட்டி நிற்கும். நம் விரலிலும் அதேதான் நடக்கிறது. தோலின் எண்ணெய், கைக்குப் பூசும் கிரீம், சோப்புப் படிவு எல்லாம் போய் ஒட்டுகிற இடம் வைரம்.

ஒட்டுவது எங்கே என்பது அதைவிட முக்கியம். மோதிரத்தைக் கவிழ்த்து லென்ஸில் பார்த்தபோது, கல்லின் அடிக்கூம்பைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் இறுகிய பிசுக்கு அடைத்திருந்தது. ஒரு கொக்கியின் அடியில் துணி இழை ஒன்றும் அதில் சிக்கியிருந்தது. வைரத்தின் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற அளவு, சுமார் 2.42. மேலிருந்து நுழையும் ஒளி அடிப்பக்க முகங்களில் முழுதாகத் திருப்பப்பட்டு மேலேயே வரும்படிதான் பட்டை தீட்டுகிறார்கள். அடிப்பக்கம் காற்று இருக்கும்வரை, முகத்துக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து சுமார் 24 டிகிரிக்கு மேல் சாய்ந்து விழும் ஒளியெல்லாம் திரும்பிவிடும். அங்கே எண்ணெய்ப் படலம் இருந்தால் அந்த எல்லை சுமார் 37 டிகிரிக்கு ஏறிவிடும். இடைப்பட்ட ஒளி அடிவழியே வெளியேறிவிடுகிறது. மேல் முகத்தை எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை என்பது இதனால்தான்.

சமையல் சோடாவும் அலுமினியமும் சல்பைடுக்கான மருந்து. இங்கே தேவைப்பட்டது பிசுக்குக்கான மருந்து, அதாவது பாத்திரம் கழுவும் திரவம். கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், சில துளி திரவம், அரை மணி நேர ஊறல், பிறகு குழந்தைகளுக்கான மிக மென்மையான பல்துலக்கியால் அடிப்பக்கத்திலிருந்து தேய்ப்பு. இறுகிய படிவு என்பதால் ஒரே முறையில் எல்லாம் வரவில்லை. திரும்ப ஊறவைத்ததும் வந்துவிட்டது. குளியல் சோப்பு இதற்கு ஆகாது. கடினநீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து கரையாத வெண்படிவாகி, அதுவும் போய் வைரத்தில் ஒட்டும்.

கழுவும் முன் மோதிரத்தைக் காதருகே வைத்து விரலால் மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். கல் ஆடினால் ‘டிக் டிக்’ என்று கேட்கும். பல சமயம் அழுக்குதான் தளர்ந்த கல்லைப் பிடித்து வைத்திருக்கும், அது கரைந்ததும் கல் விழுந்துவிடும். ஆகவே வாஷ்பேசினில் நேரடியாகக் கழுவாமல் கிண்ணத்தில் கழுவி, அந்தத் தண்ணீரைக் கொட்டும் முன் அடியில் துழாவிப் பார்க்க வேண்டும்.

பற்பசை இந்த மோதிரத்திலும் வேலையைக் காட்டியிருந்தது. வெள்ளைத் தங்கத்துக்கு அந்த எஃகு வெண்மையைத் தருவது பெரும்பாலும் மேலே பூசிய ரோடியம். மிக மெல்லிய பூச்சு, பொதுவாக 1 மைக்ரானுக்கும் குறைவு. ஏற்கெனவே தேய்ந்திருந்த அடிவளையத்தில் அந்தப் பூச்சு விட்டுப்போய்ப் பழுப்பு மஞ்சள் தெரிந்தது. ரோடியத்தைத் திரும்பப் பூசிக்கொள்ளலாம் என்பதால் இதை இழப்புக் கணக்கில் சேர்க்கவில்லை.

மரகதமும் தோடும்

மரகதத்தில் இயல்பாகவே உள்விரிசல்கள் அதிகம். அவை தெரியாமலிருக்க, சந்தைக்கு வரும் பெரும்பாலான மரகதங்களில் நிறமற்ற எண்ணெயோ பிசினோ ஏற்றியிருப்பார்கள். இது ஏமாற்று வேலை அல்ல, அந்தத் தொழிலில் ஏற்றுக்கொள்ளப்பட்ட பழக்கம். கொதிநீரில் அந்த எண்ணெய் கசிந்துவிட்டது. பச்சைக்குள் வெள்ளை நூல்போல விரிசல்கள் கிளம்பியிருந்தன. கல் உடைந்துவிட்டது என்று உரிமையாளர் பயந்துபோயிருந்தார். உடையவில்லை. கல்லுக்கு எண்ணெயேற்றும் நிபுணரிடம் கொடுத்ததில் விரிசல்கள் மறுபடி அடங்கின. மரகதத்துக்கு வெந்நீர், ஆல்கஹால், ஒலி அதிர்வால் கழுவும் மீயொலிக் கழுவி மூன்றும் ஆகாது. வெதுவெதுப்புக்கும் குறைவான தண்ணீர், ஒரு துளி மென்சோப்பு, சட்டென்று ஒரு கழுவல், உடனே துடைப்பு.

இதே வகைக் கவலை மாணிக்கத்துக்கும் உண்டு. விரிசல்களில் ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கங்கள் ஏராளமாகப் புழங்குகின்றன. மாணிக்கத்தின் கடினத்தன்மை 9, ஆனால் உள்ளே இருக்கும் கண்ணாடியை எலுமிச்சைச் சாறுகூட அரித்துவிடும். வாங்கியபோது கொடுத்த சான்றிதழில் ‘நிரப்பப்பட்டது’ என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

தோடு எதிர்பார்த்தபடியே போயிருந்தது. விளிம்புகளில் முலாம் தேய்ந்து பித்தளை எட்டிப் பார்த்தது. மூடிய கூட்டில் பதித்த கண்ணாடிக் கற்களுக்கு அடியில் ஒளியைத் திருப்ப ஒட்டியிருந்த தாளுக்குள் தண்ணீர் இறங்கி, நான்கு கற்கள் உள்ளிருந்து கறுத்திருந்தன. கற்களை மாற்றி, மறுபடி முலாம் போட்டுக் கொடுத்தோம். அடிப்பக்கம் திறந்திராத, மூடிய கூட்டில் இருக்கும் எந்தக் கல்லையும் தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது, கல் கண்ணாடியோ வைரமோ எதுவானாலும்.

தங்கச் சங்கிலிக்கு ஒன்றும் ஆகவில்லை. கல் இல்லை, பசை இல்லை, முலாம் இல்லை. அதற்கும் வெறும் சோப்புத் தண்ணீரே போதுமாயிருந்திருக்கும்.

சோடாவும் வினிகரும் சேர்ந்தால்

கிண்ணத்தில் சோடாவைப் போட்டபோது நகைகளில் மீதமிருந்த வினிகர் பட்டு நன்றாகப் பொங்கியது என்றார் உரிமையாளர். அந்தப் பொங்கல் சுத்தம் செய்யும் வேகம் என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் ஒன்று அமிலம், இன்னொன்று காரம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்து, கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் சோடியம் அசிட்டேட் என்ற உப்பும் மிஞ்சும். சோடா தனியாக வேலை செய்யும், வினிகர் தனியாக வேலை செய்யும், கலந்தால் இரண்டின் பலனும் போகும்.

வினிகருக்கு நகையில் இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கல் பதிக்காத செம்பு, பித்தளை அணிகலன்களின் இடுக்கில் பச்சைப் படிவு சேர்ந்தால், பஞ்சு சுற்றிய குச்சியில் வினிகரைத் தொட்டு அந்த இடத்தில் மட்டும் துடைத்து உடனே நன்றாகக் கழுவலாம். முத்து, பவளம், டர்க்காய்ஸ், பல நிறம் மின்னும் ஓபல் கல் இருக்கும் பக்கமே அது போகக் கூடாது. பவளமும் கால்சியம் கார்பனேட்தான். ஓபலுக்குள் தண்ணீரே ஒரு பகுதி, வெந்நீரும் திடீர் வெப்ப மாற்றமும் அதை வெடிக்க வைக்கும். மெல்லிய ஓபல் தகட்டை வேறு கல்லோடு ஒட்டிச் செய்ததாக இருந்தால் ஊறவைத்ததும் பசை விட்டுப் படலம் பிரியும்.

இந்த வீட்டில் பிளீச்சிங் திரவத்தைப் பயன்படுத்தவில்லை, அது நல்ல காலம். குளோரின் தங்கக் கலப்பு உலோகத்தைத் தாக்கும், காரட் குறையக் குறைய அதிகமாக. நிக்கல் கலந்த வெள்ளைத் தங்கத்தில் அழுத்தம் தாங்கும் கொக்கிகள் விரிசல் விட்டு முறிவதைப் பார்த்திருக்கிறேன். நீச்சல் குளத்தில் இறங்கும்போதும் பிளீச் போட்டு வீடு துடைக்கும்போதும் மோதிரத்தைக் கழற்றிவிடுவது நல்லது. இதில் நகையைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. வைரத்துக்கும் தங்கத்துக்கும் அம்மோனியா கலந்த கரைசல் நல்லது என்று சொல்வார்கள், அளவோடு அது சரியும்கூட. ஆனால் அம்மோனியாவும் பிளீச்சும் ஒருபோதும் ஒன்றாகச் சேரக் கூடாது, குளோரமைன் என்ற நச்சு வாயு வரும். பிளீச்சோடு வினிகர் சேர்ந்தால் குளோரின் வாயுவே வரும். அடைத்த குளியலறையில் இது உயிருக்கே ஆபத்து.

உரிமையாளருக்கு எழுதிக் கொடுத்தது

நகையைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது முத்திரை: தங்கமானால் 916, 750, 585 மாதிரி எண்கள், வெள்ளியானால் 925. எண் எதுவும் இல்லையென்றால் முலாம் என்று வைத்துக்கொண்டு மென்துணி தவிர வேறெதுவும் வேண்டாம். அப்புறம் கல்லைக் கவிழ்த்துப் பார்த்து அடி திறந்திருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். நூல், பசை, நுண்துளைக் கல், எண்ணெயேற்றிய கல், கறுப்பேற்றிய வேலைப்பாடு இவற்றில் ஒன்று இருந்தாலும் ஊறவைக்கக் கூடாது. எதுவும் இல்லையென்றால், படிந்திருப்பது பிசுக்கா கறுப்பா என்று பார்க்க வேண்டும். பிசுக்குக்குச் சோப்புத் தண்ணீர். வெள்ளிக் கறுப்புக்கு அலுமினியத் தாளும் சோடாவும், ஒவ்வொன்றும் தாளைத் தொடும்படி தனித்தனியாக.

துடைக்கும் துணியைப் பற்றி உரிமையாளர் கேட்டார். நல்ல கேள்வி. காய்ந்த நகையின் மேல் படிந்திருக்கும் தூசியில் குவார்ட்ஸ் துகள் இருக்கும், அதன் கடினத்தன்மை 7. அதைவிட மென்மையான எந்தக் கல்லையும், எல்லாத் தங்க வெள்ளிப் பரப்பையும், காய்ந்த தூசியோடு தேய்த்தால் கீறல் விழும். முதலில் தண்ணீரிலோ ஈரத் துணியிலோ தூசியை எடுத்துவிட்டு, பிறகு மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். காகிதத் துண்டு வேண்டாம்.

பெட்டியையும் மாற்றச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில், ரப்பர் பேண்டு போட்ட பொட்டலங்களாக வைத்திருந்தார். ரப்பரின் கந்தகம்தான் அந்த வளையலைக் கறுக்கவைத்ததில் பெரும் பங்கு வகித்திருக்கும். வெள்ளியைக் காற்றுப் புகாத சிறு பாலிதீன் உறையில், ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கலாம். பிவிசி உறை கூடாது. முத்துக்கு நேர்மாறு: காற்றில்லாத வறண்ட உறையில் நாள்பட அடைத்தால் அதன் புரதம் உலர்ந்து மேற்பரப்பு வெடிக்கலாம், ஆகவே துணிப்பையில் தனியாக வைக்க வேண்டும். வைர மோதிரம் மற்ற நகைகளோடு உரசாமல் தனி அறையில் இருக்க வேண்டும், ஏனென்றால் பெட்டியில் உள்ள எல்லாவற்றையும் கீறக்கூடியது அது ஒன்றுதான்.

புதிதாகக் கோத்த மாலையை உரிமையாளர் அடிக்கடி போடுகிறார். தொடர்ந்து அணிகிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை நூலைப் பரிசோதிப்பது நல்லது. முடிச்சுக்கு அருகில் நூல் பழுத்துத் தெரிந்தாலோ, முத்துகள் முடிச்சை விட்டு நகர்ந்தாலோ அடுத்த விசேஷம்வரை காத்திருக்காமல் கோக்கக் கொடுத்துவிடும்படி சொல்லியிருக்கிறேன்.